நன்னடத்தையும் வெளியேற்றமும்

சென்ற மாதம் ஒரு மாலை, தில்லையடியில் எம்மிடம் முன்னர் உயர்தரம் கற்ற மாணவனொருவன் தன் தந்தையுடன் எமது வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கடிதம். அவன் கற்கும் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்திலிருந்து வந்தது; ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் பொருளைத் தந்தைக்குச் சொல்ல மகன் கூசினான். சொல்லும் பொறுப்பு எம்மீது விழுந்தது. முதலாண்டில் அவனது தரப்புள்ளிச் சராசரி 2.00க்குக் குறைந்துவிட்டது, எனவே அடுத்த ஆண்டு முழுவதும் அவன் 'புரொபேஷன்' நிலையில் வைக்கப்படுவான், அவ்வாண்டின் முடிவிலும் சராசரி தேறாவிடின் பதிவு நீக்கப்படும். இவ்வளவே செய்தி.

அந்த ஆங்கிலச் சொல்லில் நாம் தடுமாறினோம். தமிழ்ப் பட்டதாரி என்று பெயர். ஆயினும் வாயில் வந்தது நமது அரச தமிழ் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல்லே: நன்னடத்தை. நன்னடத்தைத் திணைக்களமும் நன்னடத்தை உத்தியோகத்தரும் இவ்வூர் அறியாதவை அல்ல. தந்தை எம்மை நிமிர்ந்து பார்த்தார். “எங்கட பிள்ள என்ன குற்றம் செஞ்சவன், சேர்?” என்றார்.

பிழையைத் திருத்த முனைந்து மேலும் ஒரு பிழை செய்தோம். குற்றம் எதுவுமில்லை, இனிமேலும் புள்ளி குறைந்தால்தான் வெளியேற்றம் என்றோம். வெளியேற்றம் என்னும் சொல்லுக்குத் தில்லையடியில் ஒரே பொருள்தான் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை ஊரைவிட்டுத் துரத்தினர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவ்வாறு வந்தோரிற் பெருந்தொகையினர் இந்தக் களப்போரத்தில் கிடுகுக் கொட்டில் கட்டிக் குடியிருந்தனர். இத்தந்தை அன்று பத்து வயதுச் சிறுவன். அவர் அதன்பின் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு அக்கடிதத்தையும், மாணவன் விட்டுச்சென்ற விதிக் கைநூலையும் நாம் மீண்டும் படித்தோம். நாவலையும் கவிதையையும் விமர்சிக்கும் நாம் விதிக்கோவையை ஏனோ விமர்சிப்பதில்லை. அதுவும் மனிதர் எழுதிய எழுத்துத்தான். வாழ்க்கைமீது அதற்குள்ள வலிமை எந்த நாவலுக்கும் இல்லை. முதலிற் கண்ணிற்படுவது அதன் வாக்கிய அமைப்பு. மாணவர் நிறுத்தி வைக்கப்படுவார், எச்சரிக்கப்படுவார், நீக்கப்படுவார் என்றே தண்டனைகளெல்லாம் செயப்பாட்டு வினையில் வருகின்றன. யாரால்? மூன்றாம் வேற்றுமை ஏற்று நிற்க வேண்டிய வினைமுதலைக் காணோம். செய்வினை வரும் இடம் ஒன்றே ஒன்று: மாணவர் தவறினால், மாணவர் சமுகமளிக்காவிடின், மாணவர் சித்தியடையாவிடின். தவறுவதற்கு மட்டுமே ஆள் உண்டு. நீக்குவதற்கு ஆள் இல்லை.

'புரொபேஷன்' என்னும் ஏற்பாட்டின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1841இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜோன் ஒகஸ்ரஸ் என்னும் சப்பாத்துத் தைப்பவர், குடிவெறிக்காகச் சிறை செல்லவிருந்த ஒருவனுக்குத் தாமே பிணை நின்று பொறுப்பேற்றார். சில வாரங்களின் பின் மன்றுக்கு அழைத்துவந்தபோது அவன் வேறு மனிதனாக நின்றான். பின்னர் பல ஆண்டுகள், நூற்றுக்கணக்கானோருக்கு, அவர் வீடும் வேலையும் தேடிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1878இல் மசாசூசெற்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கிற்று. நம் நாட்டுக்கு 1944இல் கட்டளைச் சட்டமாக வந்தது. ஆக, இதன் உயிர்நிலை அக்காலவெல்லையன்று. கூட நிற்கும் மனிதன். திருடியவனுக்கு இந்நாட்டுச் சட்டம் ஓர் உத்தியோகத்தரைத் துணையாகக் கொடுக்கிறது. பௌதிகத்தில் 38 புள்ளி பெற்றவனுக்கு நாம் படித்த அக்கடிதம் கொடுத்தது ஒரு திகதியை மட்டுமே.

விதிகளின் கணக்கையும் சற்றே பார்க்க வேண்டும். 80 வீத வரவு, பட்டத்துக்குக் குறைந்தது 2.00 சராசரி, மீளத்தோற்றுபவர் எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் சாதாரண சித்திக்கு மேற்பட்ட தரம் இல்லை: நமது பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் நிலை இதுவே. ஆண்டுக்கு 30 திறமைப்புள்ளிகள் எனக் கொள்வோம். முதலாண்டில் 1.60 பெற்றவன் மொத்தத்தில் 2.00 ஐத் தொட வேண்டுமாயின், இரண்டாமாண்டில் 2.40 பெற வேண்டும். தவறிய பாடங்களைத் திருப்பி எழுதி மீளலாம் என்றால், அங்கே உச்சவரம்பு குறுக்கே நிற்கிறது. திருப்பி எழுதும் சுமையோ புதிய பாடங்களின்மேல் ஏறுகிறது. விழுந்தவனிடமே எழுந்தோடும் வேகத்தையும் கேட்கிறது இக்கணக்கு.

முதலாண்டு எதை அளக்கிறது? நமது மாணவன் பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் விஞ்ஞானம் கற்றவன். 'உந்தம்' என்றால் அவனுக்கு விளங்கும். அதையே ஆங்கிலத்தில், மூன்று வேறு உச்சரிப்பில், இருநூறு பேர் நிறைந்த மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து கேட்கும்போது விளங்காது. 1960இல் கலைத்துறையில் சுயமொழிகள் சர்வகலாசாலைக்குள் நுழைந்தன; விஞ்ஞானமும் மருத்துவமும் பொறியியலும் இன்றுவரை ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. அது சரியா என்பது வேறு வாதம்; உலக அறிவுக்கு ஆங்கிலம் வேண்டும் என்போரை நாம் மறுக்கவில்லை. ஆனால் முதலாண்டின் 1.60இல் பௌதிகம் எவ்வளவு, ஆங்கிலம் எவ்வளவு, விடுதி கிடைக்காமல் அலைந்த நாட்கள் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கருவி அந்தச் சராசரியிடம் இல்லை. உயர்தரத்தை எடைபோடும்போது நாட்டின் பல்கலைக்கழக அனுமதிக் கொள்கையே புத்தளத்தைக் கல்வியிற் பின்தங்கிய மாவட்டமெனக் கணித்து, 5 வீத ஒதுக்கீட்டில் இடந்தருகிறது. பல்கலைக்கழக வாயிலைத் தாண்டியதும் அக்கணிப்பு மறைந்துவிடுகிறது. புத்தளத்தின் பின்னடைவு பதிவு செய்த அன்றே நீங்கிவிட்டதாக எண்ணம் போலும்!

இந்தியாவில் நிகழ்ந்தது நமக்கும் பாடமாகத் தக்கது. 2015 யூலையில் ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகம், முதலாண்டில் 10க்கு 5 சராசரி பெறாத 70க்கு மேற்பட்ட மாணவரை நீக்கிற்று. அவர்களிற் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். உத்தராகண்ட் உயர் நீதிமன்றத்தை நாடினர். மன்று கழகத்தின் பக்கமே நின்றது. எதிர்ப்பு வலுத்தது. அதே மாதத்தில் கழகத்தின் மூதவை கூடி, முதலாண்டை மீளக் கற்க அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு அளித்தது. சட்டம் கைகளைக் கட்டியிருக்கவில்லை என்பது அப்போது தெளிவாயிற்று. நீக்கப்படுவார் என்ற வாக்கியத்தில் மறைந்திருந்த வினைமுதல் வெளிப்பட்டுவிட்டார்: மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த பேராசிரியர்கள். இங்கும் 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் இவ்விதிகளை இயற்றுவோர் மூதவையினரும் பேரவையினருமே. எழுதிய கை திருத்தவும் வல்லது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்கலாகாது. தகுதிபெற்றும் இடமின்றி வெளியே நிற்போர் உள்ளே செல்வோரிலும் பன்மடங்கினர். படியாதவன் ஓர் ஆசனத்தை ஆண்டுக்கணக்கில் அடைத்துக்கொண்டிருப்பது இலவசக் கல்விக்குச் செய்யும் துரோகம். உடற்கூறு அறியாத வைத்தியனிடம் நம் பிள்ளையை நாமும் ஒப்படையோம். பரீட்சையே வேண்டாம் என்று முழங்கும் முற்போக்கு நண்பர் சிலரோடு நமக்கு உடன்பாடில்லை; பரீட்சை போனால் அந்த இடத்தில் சிபாரிசு வந்து அமரும். நாம் கேட்பது தண்டனைக்கு முன் கடமை. சராசரி குறைந்தவனை ஒரு விரிவுரையாளர் பெயர் குறித்துப் பொறுப்பேற்றாரா, மொழிக்கென மேலதிக வகுப்பு நடந்ததா, நீக்கும் முன் அதன் பதிவேடு மூதவைமுன் வைக்கப்பட்டதா என்பது விதியிலேயே எழுதப்பட வேண்டும். அப்பதிவேடு வெறுமையாக இருப்பின் நீக்கும் உரிமையும் இருக்கலாகாது.

எமது பங்கையும் சொல்லிவிட வேண்டும். உயர்தர வகுப்பில் அவனுக்குக் குறிப்புச் சொல்லி எழுதுவித்தவர்கள் நாமும் எம் சக ஆசிரியருமே. கேள்வி கேட்கப் பழக்கவில்லை. நூலைத் தானே புரட்டப் பழக்கவில்லை. கடந்தகால வினாத்தாள்களை மனனஞ் செய்தான். மூன்று பாடங்களிலும் சித்தியெய்தினான். பாடசாலை மதிலில் அவனது படத்தை நாம் பெருமையோடு தொங்கவிட்டோம். அந்தப் படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கடிதத்தோடு ஒரு படிவமும் வந்திருந்தது. பின்னடைவுக்கான காரணத்தை எழுதி அனுப்ப வேண்டும். நோயெனின் வைத்தியச் சான்றிதழ், குடும்பத்தில் மரணமெனின் மரண அத்தாட்சி. மற்றக் காரணங்களுக்கு மூன்று வரி இடம். தமிழும் அரசகரும மொழியென 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் கூறுவதால், தமிழிலேயே எழுதலாம் என்றோம். மாணவன் தயங்கினான், ஆங்கிலத்தில் எழுதினால்தான் படிப்பார்கள் என்றான். ஈற்றில் இரண்டிலும் எழுதினோம். மூன்று வரி போதவில்லை. தனித்தாள் இரண்டு இணைத்தோம். புத்தளம் தபாற் கந்தோரிற் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தபோது, பற்றுச்சீட்டைத் தந்தை எம்மிடமிருந்து கேட்டு வாங்கி, பிளாஸ்ரிக் உறையொன்றிலிட்டு, தமது பழைய அகதி அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.