தாழும் மேடையில் ஓர் அளவுகோல்

டோபெக்ஸ்/பொசைடன் செயற்கைக்கோள் 1,336 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் துடிப்பை அனுப்பி, அது கடலில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து நீர்மட்டத்தைக் கணக்கிட்டது. தேடியதோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் ஏற்றம். கருவி மெல்லப் பிசகினாலும் கடலே உயர்ந்ததுபோலத் தெரியும். அந்தப் பிசகைப் பிடிக்க 1992 முதல் உதவியது, கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் நின்ற ஹார்வெஸ்ட் எண்ணெய் மேடை. பத்து நாளுக்கொரு முறை செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் கணத்தில், மேடையில் மாட்டிய மானி கீழே தளும்பும் நீரின் உயரத்தைக் குறித்துக்கொள்ளும். பிறகு இரண்டு கணக்கையும் ஒட்டிப் பார்ப்பார்கள். எனக்கு இதில் பிடித்ததே அந்த எளிமைதான்.

எண்ணெய் உறிஞ்ச உறிஞ்ச மேடையே தாழுமே, அதை நம்பலாமா? நியாயமான கேள்வி. மேடையில் பொருத்திய ஜிபிஎஸ் அந்த இறக்கத்தையும் அளந்து சொல்லிவிடும். கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். ஒரே சாட்சி போதாது என்றுதான் கோர்சிகாவிலும் ஆஸ்திரேலியாவின் பாஸ் நீரிணையிலும் இதே ஒப்பீடு நடக்கிறது.