செய்தித் தமிழும் எல்லைத் தமிழும்: ஷோபனா ரவியின் வாசிப்பு – ஒரு மதிப்பீடு

முன்னுரை

பிறர் எழுதிய பனுவலைக் குரலால் நிகழ்த்துவது செய்தி வாசிப்பு. எழுத்து வழக்கைச் செவிக்குரியதாக்கும் இக்கலை, மேடைத் தமிழின் அடுக்குமொழியிலிருந்தும் அன்றாடப் பேச்சிலிருந்தும் வேறுபட்டதொரு வழக்கை உருவாக்கியுள்ளது. சென்னைத் தொலைக்காட்சியின் மூத்த செய்தி வாசிப்பாளரான ஷோபனா ரவியின் பணியைக் கேரள எல்லைத் தமிழரின் மொழிச்சூழலோடு பொருத்தி இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

வாசிப்பின் கூறுகள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கப்பெற்றது. 1980களில் அதன் செய்தி முகமாகப் பரவலாக அறியப்பட்டவர் ஷோபனா ரவி. லகர, ளகர, ழகர வேறுபாட்டில் தெளிவு, நீண்ட தொடரைப் பொருள் சிதையாமல் நிறுத்தி வாசித்தல், விருப்பு வெறுப்புப் புலப்படாத முகம் ஆகிய மூன்றும் அவரது வாசிப்பின் கூறுகள் எனலாம். 1993இல் சன் தொலைக்காட்சி தோன்றிய பின்னர், அதில் செய்தி வாசித்த நிர்மலா பெரியசாமியின் நீட்டி ஒலித்த ‘வணக்கம்’ வாசிப்பவரின் தனித்தன்மையை முன்னிறுத்தியது. முன்னவரிடத்தில் செய்தி மட்டுமே முன்னின்றது. பின்னவரிடத்தில் வாசிப்பவரும் உடன் நின்றார்.

எல்லைப்புறச் சூழல்

1956 நவம்பர் 1இல் கேரள மாநிலம் அமைந்தபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் அதனுள் அடங்கின. இன்றைய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களைச் சேர்ந்த இவ்வட்டங்களில் தமிழ் வீட்டிலும் வயலிலும் தேயிலைத் தோட்டத்திலும் வழங்குகிறது. தமிழ்வழிப் பள்ளிகள் உண்டெனினும் அரசு அலுவல்கள் பெரிதும் மலையாளத்திலேயே நடைபெறுகின்றன. இத்தகைய சூழலில் பொதுத்தமிழைச் செவிவழி வழங்கும் வாயில்களாக வானொலியும் தொலைக்காட்சியும் அமைந்தன. ஆட்சி, பொருளாதாரம், அயல்நாடு ஆகியவற்றைத் தமிழில் இயல்பாகப் பேச இயலும் என்பதற்கு ஷோபனா ரவி போன்றோரின் குரல் சான்றாயிற்று.

மரபின் வரம்பு

எனினும் அவ்வாசிப்பு மரபின் வரம்பைப் பிற்கால நிகழ்வொன்று உணர்த்துகிறது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் ஊக்கத்தொகைக் குறைப்பை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைமைகளையும் விலக்கிவைத்துப் போராடினர். அவ்வியக்கம் ‘பொம்பிளை ஒருமை’ எனப் பெயர் பெற்றது. ‘பொம்பிளை’ என்பது கொச்சையென விலக்கப்படும் பேச்சு வடிவம். ‘ஒருமை’ என்பதில் மலையாள ‘ஒரும’ உணர்த்தும் ஒற்றுமைப் பொருளும் கலந்துள்ளது எனக் கொள்ள இடமுண்டு. செய்தித் தமிழ் இதனைப் ‘பெண்கள் ஒற்றுமை’ எனத் திருத்தினால் பொருள் எஞ்சும். அப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டோரின் மொழி மறைந்துபோகும். திருத்தமான தமிழை எல்லைக்கு அளித்த மரபு, எல்லையின் தமிழைத் தன்னுள் ஏற்க வழிசெய்யவில்லை.

முடிவுரை

விவாத நெறியாளரின் உரத்த குரல் மேலோங்கியுள்ள இக்காலத்தில் ஷோபனா ரவியின் நிதானம் மீட்டெடுக்கத்தக்கது. ஆனால் நிதானம் வேறு, ஒரே வழக்கை மட்டும் தகுதியுடையதாகக் கருதுதல் வேறு. ‘பொம்பிளை’ என்னும் சொல்லையும் ழகரத்துக்குரிய அதே கவனத்தோடு, திருத்தாமலும் ஏளனம் தொனிக்காமலும் ஒலிக்கும்போதே அம்மரபு முழுமை பெறும். வட்டார வழக்காய்வுகள் செய்தி வாசிப்பையும் தம் எல்லைக்குள் கொணர்தல் வேண்டும்.