லோடிங் நேரமும் 7,000 எம்பி மயக்கமும்

என் அக்கா மகன் போன தீபாவளி போனஸில் 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று வாங்கினான். விலை 12,000 ரூபாய்க்குப் பக்கம். வாங்கச் சொன்னது நான்தான். அவனிடம் ஏற்கெனவே சாட்டா எஸ்எஸ்டி இருந்தது. ஆனாலும் கேம் லோட் ஆக ரொம்ப நேரம் எடுக்குது என்று புலம்பினான். "நொடிக்கு 550 எம்பி எங்கே, 7,000 எம்பி எங்கே? மாத்திப் போடுடா" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். மாட்டிய அன்று ராத்திரியே போன் வந்தது. "மாமா, பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே?"

இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது கொஞ்சம் அவமானமான கேள்வி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். பழைய சாட்டாவில் 31 நொடி. புதியதில் 28. அதாவது 13 மடங்கு வேகமான டிஸ்க்குக்குக் கிடைத்தது 3 நொடி. ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துதான் அளந்தேன். இல்லாவிட்டால் முதல் முறை படித்த ஃபைல்களை விண்டோஸ் ரேமிலேயே வைத்திருக்கும். இரண்டாவது முறை வேகமாக வருவது டிஸ்க்கின் வேகம் அல்ல. யூட்யூபில் வரும் பல ஒப்பீடுகளில் இதைக் கவனித்தார்களா என்றே தெரிவதில்லை.

"எஸ்எஸ்டி வாங்கு, லோடிங் பிரச்சினை தீரும்" என்பது இன்று கேமர்களிடம் வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. நானும் அதைத்தான் ஓதிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றிய விமர்சனம். எனக்கும் சேர்த்துத்தான்.

முதலில் அதில் இருக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவது நிஜமான பாய்ச்சல். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லி செகண்ட் ஆகும். நமக்கு வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அதில் பாதி, 4 மில்லி செகண்ட். தலையைத் தாங்கும் கை நகர்ந்து சரியான தடத்துக்குப் போக இன்னொரு 8 மில்லி செகண்ட். மொத்தம் 12 என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 80 இடங்களைத்தான் தொட முடியும். ஒரு கேம் அங்கங்கே சிதறிக்கிடக்கும் 10,000 சின்னத் துண்டுகளைப் படிக்க வேண்டுமென்றால் 2 நிமிடத்துக்கு மேல் போய்விடும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை. ஒரு துண்டுக்கு 0.1 மில்லி செகண்ட் என்றால்கூட மொத்தமும் ஒரு நொடியில் முடிந்தது.

ஆக, முதல் பாய்ச்சலில் கிடைத்த லாபம் பெரும்பாலும் தேடும் நேரம் ஒழிந்ததால் வந்தது. நொடிக்கு எத்தனை எம்பி என்பதால் வந்தது கொஞ்சம்தான். கடைக்காரர்கள் அட்டைப்பெட்டியில் போடுவதோ இரண்டாவது எண்ணை. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது உயர்வது முக்கியமாக அந்த எண்தான். அதை வைத்து முதல் பாய்ச்சல் மாதிரியே இன்னொன்று கிடைக்கும் என்று நாமாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறோம்.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். காய்கறி மாட்டுவண்டியில் வந்துகொண்டிருந்தது. வேன் வைத்தோம், சாப்பாடு சீக்கிரம் தயாரானது. இப்போது வேனை விற்றுவிட்டு ரேஸ் கார் வாங்குகிறோம். நறுக்குவதற்கு இருப்பதோ ஒரே ஆள். கேமில் அந்த ஆள் ப்ராசசர். டிஸ்க்கிலிருந்து வருவது சுருக்கப்பட்ட டேட்டா. அதை விரிக்க வேண்டும், கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டும், ஷேடர்களை கம்பைல் செய்ய வேண்டும், உலகத்தைக் கட்டி நிறுத்த வேண்டும். ஜீன் ஆம்டால் 1967இலேயே சொன்ன கணக்குதான் இது. மொத்த வேலையில் எந்தப் பங்கை வேகப்படுத்துகிறோமோ, அந்தப் பங்குக்கு மேல் லாபம் வராது. 30 நொடியில் டிஸ்க் படிப்பது 4 நொடி என்றால், டிஸ்க்கை எத்தனை மடங்கு வேகமாக்கினாலும் 26 நொடிக்குக் கீழே போகாது.

பிஎஸ்5 உதாரணத்தைச் சொல்லி யாராவது மறுப்பீர்கள். நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. 2020 மார்ச்சில் மார்க் செர்னி அந்தக் கன்சோலின் வடிவமைப்பை விளக்கிய உரையில் எல்லோரும் பிடித்துக்கொண்டது நொடிக்கு 5.5 ஜிபி என்ற எண்ணை. அதே உரையில் அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த வேகத்தில் வரும் சுருக்கிய டேட்டாவை விரிக்க ஜென் 2 கோர்கள் 9 வேண்டியிருக்கும், அதனால் அதற்கென்றே தனி ஹார்ட்வேர் வைத்திருக்கிறோம் என்று. கன்சோலில் இருப்பதே 8 கோர்தான்! வேகமான டிஸ்க் மட்டும் போதாது என்பது அதைக் கட்டியவர்களுக்கு முதல் நாளே தெரியும். நறுக்கும் ஆட்களையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். விளம்பரத்தில் ரேஸ் கார் மட்டும் நின்றது.

இனி, டிஸ்க்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தாமதம். ஜிடிஏ ஆன்லைன் 2013இல் வந்தது. பிசியில் உள்ளே நுழைய 6 நிமிடம் காத்திருந்தவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஆட்கள் எஸ்எஸ்டி மாற்றிப் பார்த்தார்கள், இன்டர்நெட்டைத் திட்டினார்கள். 2021 பிப்ரவரியில், சோர்ஸ் கோட் கையில் இல்லாத ஒரு வெளியாள் ப்ரொஃபைலர் வைத்துப் பார்த்தார். டிஸ்க்கும் நெட்வொர்க்கும் ஏறக்குறைய சும்மா இருக்க, ஒரே ஒரு கோர் மட்டும் நிமிடக்கணக்கில் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் இரண்டு. கேமில் வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியல் 10 எம்பி ஜேசான் ஃபைலாக வருகிறது, அதில் சுமார் 63,000 பொருட்கள். அதைப் படிக்கும் ஃபங்ஷன், ஒவ்வொரு மதிப்பை எடுக்கும்போதும் மிச்சமிருக்கும் மொத்த டெக்ஸ்டின் நீளத்தையும் கடைசி எழுத்து வரை எண்ணிப் பார்க்கிறது. அடுத்தது, ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும் முன் "இது ஏற்கெனவே இருக்கிறதா?" என்று அதுவரை சேர்த்த பட்டியல் முழுவதையும் துழாவுகிறது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 198 கோடி சோதனை. ஹாஷ் டேபிள் ஒன்று போதும் என்று கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் விஷயம். அவர் இரண்டையும் திருத்தி ஓட்டினார். 6 நிமிடம் 1 நிமிடம் 50 நொடி ஆனது. ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு 10,000 டாலர் பரிசு கொடுத்தது. மார்ச்சில் அப்டேட்டும் வந்தது. அந்த மிச்ச நேரத்தை உலகத்தின் எந்த எஸ்எஸ்டியும் வாங்கித் தந்திருக்காது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கதை. ஹெல்டைவர்ஸ் 2 பிசியில் 154 ஜிபி பிடித்துக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் விளையாடுகிறவர்களுக்காக ஒரே ஃபைலைப் பல இடங்களில் நகல் எடுத்து வைத்திருந்தார்கள், தலை அங்கும் இங்கும் ஓடாமல் இருக்க. பழைய, மரியாதையான உத்திதான். நகலை எடுத்தால் ஹார்ட் டிஸ்க்கில் லோடிங் 10 மடங்கு கூடிவிடும் என்ற பயம். அந்தப் பயம் பொதுவாகத் தொழிலில் புழங்கும் கணக்கிலிருந்து வந்தது. தங்கள் கேமில் அளந்து பார்த்து வந்ததல்ல. 2025 கடைசியில்தான் உட்கார்ந்து அளந்தார்கள். லோடிங் நேரத்தில் பெரும்பங்கு களத்தை உருவாக்கும் கணக்குக்கே போகிறது, அதன் கூடவே ஃபைல்களும் வந்துவிடுகின்றன என்று தெரிந்தது. நகல்களை எடுத்ததும் 23 ஜிபி. ஹார்ட் டிஸ்க்காரர்களுக்குக் கூடியது சில நொடிதான். அவர்கள் மதிப்பீட்டில் ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தவர்கள் சுமார் 11 சதவீதம். அவர்களுக்காக என்று நினைத்து, எல்லோரும் 131 ஜிபி இடத்தைச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கதையிலும் குறை ஒன்றுதான்: அளக்காமல் நம்பியது. டிஸ்க்தான் காரணம் என்று ஒரு இடத்தில் விளையாடுகிறவர்கள் நம்பினார்கள், இன்னொரு இடத்தில் எழுதியவர்களே நம்பினார்கள். இரண்டிலும் பணமும் நேரமும் போனது வாங்கியவனுக்கு. எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். எங்கள் தொழிலில் சரியாக எழுதாத கோடின் செலவை "நல்ல ஹார்ட்வேர் வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரியில் வாடிக்கையாளர் தலையில் கட்டுவது சுலபம். நானும் அக்கா மகனுக்கு அதைத்தான் செய்தேன்.

வாங்குவதற்கு முன் ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு. கேம் லோட் ஆகும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றால் வேறு டிஸ்க் உதவும். டிஸ்க் சும்மா கிடந்தால் உதவாது. ப்ராசசரைப் பார்க்கும்போது மொத்த சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 12 த்ரெட் உள்ள ப்ராசசரில் ஒரு த்ரெட் உயிரைக் கொடுத்து ஓடினாலும் மொத்தம் 8 சதவீதம் என்றுதான் காட்டும். கிராஃபில் வலது கிளிக் செய்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அன்று அவன் வீட்டில் பார்த்ததும் அதுவே. டிஸ்க் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை, ஒரு த்ரெட் மட்டும் உச்சியில். அவனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை வாங்குறதுக்கு முன்னாடி பார்த்திருக்கலாமே மாமா" என்றான்.

பார்த்திருக்கலாம். பழைய டிஸ்க்கிலேயே தெரிந்திருக்கும்.