ஆறு பீரோவும் ஒரு மேசையும்: தொடக்கப்பள்ளி நூலகம் பற்றி ஒரு குறிப்பு

ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி. பிள்ளைகள் எண்ணிக்கை குறைஞ்சதால ஒரு வகுப்பறை காலியா கிடக்கு. அதை நூலகமா மாத்தித் தர ஒரு நன்கொடையாளர் முன்வந்திருக்கார். வரைபடமும் தயார். கருத்துச் சொல்லுங்கன்னு எனக்கு அனுப்பியிருந்தாங்க. நல்ல மனசோட செய்யற வேலை. ஆனாலும் அந்த வரைபடத்தில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இருக்கு. நம்ம ஊர்ப் பள்ளி நூலகங்கள் பலதுக்கும் இதே விமர்சனம் பொருந்தும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

அறை 20-க்கு 20 அடி. மூணு சுவர் ஓரமா கண்ணாடிக் கதவு வச்ச ஆறு ஸ்டீல் பீரோ. நடுவில் பெரிய மேசை, சுத்தி 12 நாற்காலி. மிச்சச் சுவரில் தலைவர்கள் படமும் கார்ட்டூன் ஓவியமும். பார்க்க லட்சணமாத்தான் இருக்கு.

முதல் கோளாறு உயரம். வழக்கமான பீரோ ஆறரை அடி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூணே முக்கால் அடி இருக்கும். மேல் ரெண்டு தட்டில் என்ன இருக்குன்னு அதால பார்க்கக்கூட முடியாது. அடுத்தது புத்தகம். இந்த வயசுக்கான படக்கதைகள் பெரும்பாலும் 16, 24 பக்கம், நடுவில் பின் அடிச்சவை. முதுகில் தலைப்பு எழுத இடமே கிடையாது. அதை நெட்டுக்குத்தா அடுக்கினா, பிள்ளை கண்ணுக்குத் தெரிவது காகித விளிம்பு மட்டும். அட்டை முன்பக்கம் தெரியணும், அதுதான் பிள்ளையைக் கூப்பிடும்.

மூணாவதுதான் முக்கியம்: பூட்டு. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். முதல் விதி, புத்தகம் பயன்படுத்தத்தான். அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி வச்சதைச் சொல்வார். நம்ம சங்கிலி, தலைமை ஆசிரியர் மேசை டிராயரில் இருக்கும் பீரோ சாவி.

இதுக்காக ஆசிரியரைத் திட்டுவதில் நியாயமில்லை. தொடக்கப்பள்ளியில் நூலகர் பணியிடம் கிடையாது. ரெண்டு ஆசிரியர், அஞ்சு வகுப்பு. இருப்புப் பதிவேட்டில் இருக்கும் புத்தகம் அலமாரியில் இல்லன்னா பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கிழிஞ்ச புத்தகத்துக்குக் கேள்வி வரும். யாருமே தொடாத புத்தகத்துக்கு எந்தக் கேள்வியும் வராது. அப்புறம் பூட்டாம என்ன செய்வார்? பயன்பாட்டில் கிழிவதைச் சாதாரணமா கழித்து எழுதும் வழக்கம் வராமல் எந்த வரைபடமும் வேலைக்கு ஆகாது.

இதுக்கு வெளிநாட்டு மாதிரி தேட வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் வகுப்பறையை நினைச்சுப் பாருங்க. பிள்ளைகள் பாயில் உட்காருவாங்க. சுவரின் கீழ்ப்பகுதியில் அவங்க கைக்கு எட்டும் கரும்பலகை. அட்டைகளைத் தட்டிலிருந்து அவங்களே எடுப்பாங்க. செஞ்ச வேலை தலைக்கு மேல கம்பிப் பந்தலில் தொங்கும். அந்த முறை மேல விமர்சனம் உண்டு. ஆனா அறையைப் பிள்ளை உயரத்துக்கு இறக்கலாம்னு அது காட்டிடுச்சு. நூலகத்துக்கு மட்டும் ஏன் அது எட்டல?

இன்னொரு எச்சரிக்கை. 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், புத்தகங்களை நுழை, நட, ஓடு, பறன்னு நாலு நிலையாப் பிரிக்குது. எந்தப் பிள்ளைக்கு எதைத் தரலாம்னு ஆசிரியர் தெரிஞ்சுக்க நல்ல வழி. இந்த வரைபடத்தில் பீரோவையே அப்படிப் பிரிச்சிருக்காங்க. ஐந்தாம் வகுப்பில் இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையன், எல்லார் முன்னாடியும் 'நுழை' பீரோவுக்குப் போவானா? போக மாட்டான். நிலை அட்டைக்கு உள்பக்கம் இருக்கட்டும். அலமாரியை விலங்கு, பேய், வேடிக்கை, ஊர்னு விஷயப்படி பிரிக்கலாம்.

என் மாற்று யோசனை எளியது. மூணரை அடிக்கு மேல போகாத திறந்த மரத்தட்டு ரெண்டு சுவரில். கயிறு கட்டி, அட்டை தெரியத் தொங்கவிட ஒரு சுவர். வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் பாய். நடு இடம் காலியா இருக்கட்டும், மேசை வேண்டாம். கடைசித் தட்டு தரையிலிருந்து அரை அடியாவது மேல, சுவரை ஒட்டாமல் இருக்கணும். கரையானுக்கும் ஓதத்துக்கும் அது தேவை. 2024 ஃபெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டினதை யாரும் மறக்கலை. அதுக்குத்தான் ஒரே ஒரு பீரோ இருக்கட்டும்: புயல் எச்சரிக்கை வந்தா எல்லாத்தையும் தூக்கி மேல்தட்டில் அடுக்க.

கல்வி உரிமைச் சட்டம் 2009, ஒவ்வொரு பள்ளியிலும் கதைப் புத்தகத்தோட நூலகம் இருக்கணும்னு சொல்லுது. இந்த அறை கட்டினா அந்தக் கட்டத்தில் டிக் விழுந்திடும். ஆனா தொடக்கப்பள்ளியில் ஒரு பிள்ளை இருப்பது அஞ்சு வருஷம்தான். வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேற புத்தகமே இல்லாத பிள்ளைக்கு இந்த அறைதான் எல்லாம். வரைபடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழு முன்னாடி வைக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ரெண்டாம் வகுப்புப் பிள்ளை யார்கிட்டயும் சாவி கேட்காம, எக்காம, ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்ட முடியுமா? முடியாதுன்னா, பணத்தைச் செலவழிக்கும் முன்ன திரும்பவும் வரையலாம்.