நாவலுக்குள் வராத லாரி

2021 ஜனவரி. நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்து துறைமுகம். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய லாரி ஓட்டுநர் ஒருவரைச் சுங்க அதிகாரிகள் நிறுத்துகிறார்கள். அவரிடம் அலுமினியத் தாளில் சுற்றிய சாண்ட்விச் இருக்கிறது, உள்ளே இறைச்சி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டிலிருந்து இறைச்சி கொண்டுவரக் கூடாது என்று சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். சரி, இறைச்சியை எடுத்துக்கோங்க, ரொட்டியையாவது குடுங்களேன் என்கிறார் அவர். அதுவும் கிடையாது. டச்சுத் தொலைக்காட்சியில் வந்த அந்தக் காட்சியைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும்தான்.

சிரித்து முடித்த பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. பிரெக்ஸிட் நாவல்கள் என்று இத்தனை வாசித்தோமே, இந்த லாரிக்காரர் அதில் எங்கே?

காலவரிசையைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். வாக்கெடுப்பு நடந்தது 2016 ஜூன் 23. 52க்கு 48 என்ற கணக்கில் வெளியேறுவது என்று முடிவானது. சட்டப்படி வெளியேறியது 2020 ஜனவரி 31. ஒற்றைச் சந்தையிலிருந்தும் சுங்க ஒன்றியத்திலிருந்தும் உண்மையிலேயே காலை வெளியே வைத்தது 2020 டிசம்பர் 31 நள்ளிரவில். நாம் பிரெக்ஸிட் நாவல்கள் என்று கொண்டாடியவையோ 2016க்கும் 2019க்கும் இடையில் வந்தவை. அதாவது, பிரெக்ஸிட் நடப்பதற்கு முன்பே எழுதப்பட்டவை. அவை வாக்கைப் பற்றிய நாவல்கள். வெளியேற்றத்தைப் பற்றியவை அல்ல. இரண்டும் ஒன்றென்று நாம்தான் நினைத்துக்கொண்டோம்.

ஜோனதன் கோவின் 'மிடில் இங்கிலாந்து' (2018) நாவலை எடுத்துக்கொள்வோம். சோஃபி கலை வரலாறு சொல்லித்தருபவள். அவள் கணவன் இயன், வேகமாக வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவர்களுக்கு வகுப்பெடுப்பவன். அவள் ஒரு பக்கம் வாக்களிக்க, அவன் மறுபக்கம் வாக்களிக்க, கல்யாணம் விரிசல் விடுகிறது. ஆலோசகரிடம் போகிறார்கள். பேசப் பேச, சண்டை ஐரோப்பாவைப் பற்றியதே இல்லை என்று தெரிகிறது. கோ கெட்டிக்காரர். அரசியல் எப்படிப் படுக்கையறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று காட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அதே நாவலில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது வேறொரு பகுதி. பெஞ்சமினின் அப்பா, பர்மிங்காம் அருகே லாங்பிரிட்ஜ் கார் ஆலையில் வேலை பார்த்தவர், ஆலை இருந்த இடத்தைப் பார்க்கப் போகிறார். ஆலை இல்லை, கடைகள் இருக்கின்றன. எதையும் செய்யாமல், வாங்க மட்டும் செய்கிற ஒரு நாடு எப்படிப் பிழைக்கும் என்று அவருக்குப் புரியவே இல்லை. நிஜத்தில் அந்த ஆலை 2005இல் மூடப்பட்டபோது சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். நாவலில் வணிகம் வருகிறது, ஆனால் ஒரு முதியவரின் நினைவாக மட்டும். இழந்தது தெரிகிறது. இழக்கப்போவது என்ன என்பது இல்லை.

ஆண்டனி கார்ட்ரைட்டின் 'தி கட்' (2017) இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலாக வெளியேறு என்று வாக்களித்த டட்லி ஊர்தான் களம். கெய்ரோ ஜூக்ஸ் முன்னாள் குத்துச்சண்டை வீரன், இப்போது நிரந்தரமில்லாத கூலி வேலை. ஆவணப்படம் எடுக்க லண்டனிலிருந்து வரும் கிரேஸுக்கு அவன் பேசுவது புரிவதில்லை, அவனுக்கும் அவளுடையது புரிவதில்லை. சின்ன நாவல்தான், ஆனால் வெளியேறு என்றவர்களை முட்டாள்களாக்காத நாவல். அந்த ஒன்றுக்காகவே அதை வாசிக்கலாம்.

இயன் மெக்கீவனின் 'தி காக்ரோச்' (2019) மட்டும்தான் வணிகத்தை நேரடியாகத் தொடுகிறது. பிரதமரின் உடம்புக்குள் கரப்பான்பூச்சி. நாட்டில் பணம் ஓடும் திசையையே திருப்பிவிடுகிறார்கள்: வேலை செய்ய நாம் பணம் கட்ட வேண்டும், கடையில் பொருள் எடுத்தால் கடைக்காரர் நமக்குத் தருவார். முதல் 20 பக்கம் சிரிப்பு. அப்புறம் சலிப்பு. ஏனென்றால் மெக்கீவனுக்கு எதிர்த்தரப்பு பூச்சிதான். பூச்சி ஏன் அப்படி நினைக்கிறது என்று கேட்கிற பொறுமை அவரிடம் இல்லை.

உண்மையான வெளியேற்றம் இந்தக் கற்பனை அளவுக்கு விசித்திரமாக இல்லை. அது அலுப்பூட்டுவதாக இருந்தது. அதுதான் விஷயம். ஒப்பந்தப்படி பெரும்பாலான பொருள்களுக்கு இறக்குமதி வரி கிடையாது. ஆனால் காகிதம் உண்டு. சுங்க அறிக்கை, பொருள் எங்கே தயாரானது என்பதற்கான சான்று, பால் பொருளென்றால், இறைச்சியென்றால் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ். பெரிய நிறுவனம் இதற்கென்று ஆள் வைத்துக்கொள்ளும். நாலு பேர் சேர்ந்து பாலாடைக்கட்டி செய்கிற இடம் என்ன செய்யும்? வேல்ஸின் மெனாய் நீரிணையில் எடுத்த சிப்பிகள் உயிரோடு ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. சுத்திகரிக்காத சிப்பியை வெளிநாட்டிலிருந்து எடுக்க மாட்டோம் என்ற விதியால் அது நின்றது. கடல் அதே கடல், சிப்பி அதே சிப்பி. 2021 இலையுதிர்காலத்தில் லாரி ஓட்டுநர்கள் போதாமல் பெட்ரோல் நிலையங்களில் வரிசை நின்றது, ராணுவத்தினர் டேங்கர் ஓட்டினார்கள். பிரிட்டன் அரசின் நிதிக் கணிப்பு அலுவலகம், ஒன்றியத்தில் இருந்திருந்தால் எட்டியிருக்கும் உற்பத்தித்திறனைவிட நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்று கணிக்கிறது. 4 சதவீதத்துக்கு முகம் கிடையாது. முகம் கொடுப்பதுதானே நாவலின் வேலை?

படிவத்தை வைத்தெல்லாம் கதை எழுத முடியுமா என்று கேட்பீர்கள். அலி ஸ்மித் எழுதியிருக்கிறார். 2016 அக்டோபரிலேயே வந்த அவருடைய நாவலை 'ஆட்டம்' என்று எழுதினால் நம்மூர் ஆட்டமாகிவிடும், எனவே 'இலையுதிர்காலம்' என்று சொல்லிக்கொள்கிறேன். அதில் எலிசபெத் பாஸ்போர்ட் விண்ணப்பத்தைச் சரிபார்க்கத் தபால் நிலையத்துக்குப் போகிறாள். எண் சீட்டு வாங்கிக் காத்திருக்கிறாள். கடைசியில், புகைப்படத்தில் அவள் முகத்தின் அளவு சரியில்லை என்கிறார் அலுவலர். நகைச்சுவைதான். ஆனால் பிறந்த நாட்டிலேயே ஒருத்தியின் முகம் அளவுக்குப் பொருந்தாமல் போகிறது. பின்னால் வரவிருந்த எல்லாம் அந்தக் கவுன்டரில் இருக்கிறது. பிரெக்ஸிட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் இவைதான். வாக்கைப் பற்றி அவற்றில் ஒரு வார்த்தை இல்லை.

இந்தக் கவுன்டரை நன்றாக அறிந்த ஒரு கூட்டம் நம்மிடம் உண்டு. போருக்குத் தப்பி ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் தஞ்சம் கேட்ட ஈழத்தமிழர்களில் பலர், அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்த பிறகு பிரிட்டனுக்கு இடம்பெயர்ந்தார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், கோயில் இருக்கிறது, சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று. ஐரோப்பியக் குடிமகன் எங்கும் போய் வாழலாம் என்ற உரிமைதான் அவர்களைக் கொண்டுவந்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அவர்களும் 2021 ஜூன் 30க்குள் 'நான் இங்கேதான் வாழ்கிறேன்' என்று விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கிடைத்த அனுமதிக்கு அட்டைகூடக் கிடையாது. எல்லாம் இணையத்தில். வீடு வாடகைக்குக் கேட்டால் ஒரு குறியீட்டு எண்ணைக் காட்ட வேண்டும். வாழ்நாளெல்லாம் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பாதுகாத்த ஒரு அம்மாவிடம், இனிமேல் காகிதமே இல்லை, போனில்தான் இருக்கு என்று மகள் சொல்லும்போது அந்த அம்மாவின் முகம் எப்படி இருக்கும்? இது கோவுக்கோ மெக்கீவனுக்கோ தெரிய வாய்ப்பில்லை. அது அவர்கள் தவறும் இல்லை.

அந்த சாண்ட்விச் விதி நமக்கும்தான். லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாங்கிய பால்கோவாவைப் பாரிஸ் லா ஷப்பேலில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு எடுத்துப்போவதும் இப்போது சட்டப்படி கூடாது. பாலில் செய்தது. பறித்துக்கொள்ளும் அதிகாரிக்குக் கோபம் ஒன்றும் இருக்காது, சிரித்துக்கொண்டேகூடப் பறிப்பார். வாக்கெடுப்பு நாவல்களில் எல்லோரும் எல்லோர்மேலும் கோபமாக இருந்தார்கள். வெளியேற்ற நாவலில் யார்மேலும் கோபப்பட முடியாது. அதனால்தான் அதை எழுதுவது கடினம். அதை எழுதப்போகிறவர் தமிழிலேயே இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். காத்திருக்கிறேன், கையில் எண் சீட்டோடு.