கத்துகிற லாகரும் ஊமை லாகரும்

வெப்பநிலையைப் பதிவுசெய்யும் இந்த டேட்டா லாகரின் அளவையில் குறை இல்லை, வாயில்தான் குறை. கோவையில் மச்சான் நடத்தும் இட்லி மாவுக் கம்பெனியின் கோல்டு ரூமில் இதை மாட்டிய கொஞ்ச நாளிலேயே, அங்கே வேலை பார்க்கிற எல்லோரும் தங்கள் போனில் இதன் ஆப்பை மியூட்டில் போட்டுவிட்டார்கள்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் சங்கதிகள் எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் இருப்பவைதான். அரை டிகிரி துல்லியம், வைஃபை, பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு. ஐஸை நொறுக்கி டம்ளரில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கலக்கி புரோபை நட்டுவைத்தேன். பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் 0.3 காட்டியது. போதும். கருவியின் உடம்பு கதவுக்கு வெளியே, புரோப் மட்டும் ஒயரில் உள்ளே. இப்படி மாட்டினால்தான் சரி. கோல்டு ரூம் சுவரில் பஃப் பேனலின் இரண்டு பக்கமும் தகடு. உள்ளே வைத்தால் வைஃபை வெளியே வராது.

இனி அந்த அலாரம். உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனவர்களுக்குத் தெரியும், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் ஆபத்துப் பகுதி. அதனால் எல்லையை 5-இல் வைத்தோம். கோல்டு ரூம் என்றால் டிஃப்ராஸ்ட் உண்டு. காயிலில் படிந்த பனியைக் கரைக்க, ஒரு நாளைக்குச் சில தடவை குளிரூட்டல் தானாக நின்றுவிடும். அந்த இருபது முப்பது நிமிடத்தில் உள்ளே காற்று 9, 10 என்று ஏறி இறங்கும். மாவுப் பாக்கெட்டுக்கு அது உறைக்கவே உறைக்காது. ஆனால் புரோப் தொங்குவது காற்றில். ராத்திரி இரண்டரை மணிக்கு மச்சானின் போன் சைரன் ஊதுகிறது. எழுந்து ஆப்பைத் திறப்பதற்குள் 4.6. எல்லை மீறி அரை மணி ஆன பிறகு கத்து என்று சொல்ல ஒரு செட்டிங் இருக்கிறது. அதற்கு வருடச் சந்தா கட்ட வேண்டுமாம். கருவியை விற்றுவிட்டு அதன் வாயை மூடத் தனியாகக் காசு கேட்கிற வியாபாரத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

இது பரவாயில்லை. நிஜமாகவே கத்த வேண்டிய அன்று கத்தவில்லையே, அதுதான் எரிச்சல். மழைநாள் ராத்திரி ஒன்றில் கரண்ட் போனது. கம்ப்ரசர் நின்றது, கூடவே ரவுட்டரும் அணைந்தது. லாகருக்குள் பேட்டரி இருப்பதால் ஒவ்வொரு டிகிரியையும் ஒழுங்காக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது, சொல்லத்தான் வழியில்லை. கரண்ட் வந்த பிறகு மொத்த எச்சரிக்கையும் வரிசையாக வந்து விழுந்தது. மாவு புளித்தால் வாடிக்கையாளர் திட்டுவதோடு போகும். பக்கத்து ரேக்கில் இருப்பது தேங்காய்ச் சட்னிப் பாக்கெட்; அது கெட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவார். அன்றைய சட்னியை முழுசாகக் கொட்டினோம்.

சந்தா கட்டாமலே வைத்தியம் கிடைத்தது. மருந்துக் கடையில் சின்ன கிளிசரின் பாட்டில் வாங்கி, மூடியில் ஓட்டை போட்டு, புரோபை உள்ளே விட்டு எம்-சீல் வைத்து அடைத்தேன். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளில் இதே ஏற்பாடு வெகுகாலமாக உண்டு. காற்று துள்ளினாலும் கிளிசரின் மெதுவாகத்தான் ஏறும், பாக்கெட்டுக்குள் மாவு ஏறுவதைப் போல. டிஃப்ராஸ்ட் சைரன் அன்றோடு நின்றது. நிஜமாகவே கம்ப்ரசர் நின்றால் செய்தி சற்றுத் தாமதமாக வரும், ஆனால் சரக்கும் அதே தாமதத்தில்தான் சூடாகிறது. ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் போட்டாயிற்று.

பிடிஎஃப் அறிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்பில் நம்ம ஊர் நேரம், அறிக்கையில் சீன நேரம். இரண்டரை மணி நேர வித்தியாசம். நம் நேரத்தை அமைக்கலாம் என்று போனால், பட்டியலில் முழு மணிக்கணக்கு மட்டும்தான் இருக்கிறது. ஐந்தரை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது போல. ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் ஒவ்வொரு தடவையும் கழித்தல் கணக்குச் சொல்லித் தர முடியுமா?

இத்தனைக்கும் நடுவே என் மனசைப் பிடித்தது, துணைக்கு வாங்கிய மலிவான யூஎஸ்பி லாகர். கட்டைவிரல் பருமன், பட்டன் செல், வைஃபையும் கிடையாது, ஆப்பும் கிடையாது. பட்டனை அழுத்தினால் எழுதும், கம்ப்யூட்டரில் செருகினால் காட்டும். அவ்வளவுதான். ஒரு கடையிலிருந்து மட்டும் ஊதிப்போன பாக்கெட்டுகள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. கடை ஃபிரிட்ஜில் எப்போது பார்த்தாலும் 5, 6 டிகிரி. வேனிலேயே சூடாகிவிடுகிறதோ என்று டிரைவர் மேல்தான் சந்தேகம். லாகரை மாவுப் பாக்கெட்டுகளோடு டிரேயில் போட்டு அனுப்பி, சில நாள் அங்கேயே கிடக்கவிட்டோம்.

வேன் கோடு சமதளமாக இருந்தது. கடைக் கோடு ராத்திரி பத்து மணியிலிருந்து மெல்ல ஏறி, விடிகாலையில் 19-ஐத் தொட்டு, ஆறு மணிக்கு மேல் இறங்கத் தொடங்கியது. மறுநாளும் அதே மேடு, அதற்கடுத்த நாளும் அதே. சராசரியை மட்டும் பார்த்திருந்தால், ஃபிரிட்ஜ் கொஞ்சம் பழசு என்று விட்டிருப்போம். கடை சாத்தும்போது சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகிறார் கடைக்காரர்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு மச்சான் போனார். கடைக்காரர் கோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, ராத்திரி மாவு வாங்க யாருங்க வர்றா? கரண்டு பில்லு நீங்க கட்டறீங்களா?" என்றார். பதில் இல்லை. அந்தக் கடைக்கு இப்போது காலையில் மட்டும் சரக்கு, சாயங்காலத்துக்குள் விற்றுத் தீருகிற அளவுக்கு. சட்னி போடுவதில்லை.

வைஃபை லாகரின் இலவச காலம் அடுத்த மாதம் முடிகிறது. சந்தா கட்டப்போவதில்லை, அந்தப் பணத்துக்கு ஊமை லாகர் இன்னும் நாலு வாங்கி நாலு கடைக்கு அனுப்பலாம் என்கிறார் மச்சான்.