பக்கிங்ஹாம் கரையில் சைக்கிள் ஓடுமா?

காலை ஐந்தரை மணிக்கு மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குள் ஒரு சைக்கிள் நுழைகிறது. கேரியரில் ஆள் உயரத்துக்குக் கறிவேப்பிலை, கொத்தமல்லிக் கட்டுகள். ஹேண்டில்பாரின் இருபுறமும் கீரைப் பைகள். ஸ்டாண்டு போட்டால் பாரம் சாய்த்துவிடும். அதனால் வண்டியைச் சுவரில் சாத்திவிட்டு, பழைய டியூபை அறுத்துச் செய்த கயிற்றை அவிழ்க்கிறார் கறிவேப்பிலைக்காரர். அதே நேரம் ஹெல்மெட் போட்ட நான்கு பேர், பின்னால் சிவப்பு விளக்கு மினுக்க, கிழக்குக் கடற்கரைச் சாலையை நோக்கிப் போகிறார்கள். அவர்களுடைய ஒரு வண்டியின் விலைக்கு இவருடையதைப் போலப் பத்து வாங்கலாம். சென்னையில் சைக்கிள் பாதை பற்றி யார் என்ன யோசனை சொன்னாலும், இந்த இரு தரப்பையும் எதிரில் நிறுத்தித்தான் எடைபோட வேண்டும்.

எடைபோட எடுத்துக்கொண்ட யோசனை இது: மோட்டார் வண்டி அறவே நுழையாத நெடும்பாதை. பிரான்சின் கிராமப்புறங்களைச் சைக்கிளில் சுற்றிவந்தவர்கள் ஏக்கத்தோடு பேசுவது இதைப் பற்றித்தான். அங்கே இதற்கு ‘வுவா வெர்த்’, அதாவது பசும்பாதை என்று பெயர். பர்கண்டியில் ரயில் நின்றுபோன தடத்தில், கிவ்ரிக்கும் குளூனிக்கும் இடையே 1997-இல் திறந்த 44 கிலோமீட்டர் பாதை இவற்றுக்கு முன்னோடி. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும் கனால் துய் மிதி இன்னும் பேர்பெற்றது. பியேர் போல் ரிக்கே 1666-இல் வெட்டத் தொடங்கி, 1681-இல் முடிந்த 240 கி.மீ. கால்வாய். அன்று குதிரைகள் படகிழுத்த கரைத்தடத்தில் இன்று சைக்கிள் ஓடுகிறது. ‘நம்மிடமும் பக்கிங்ஹாம் கால்வாய் இருக்கிறதே, அதன் கரையில் போட்டால் என்ன?’ என்று அடையாற்றுக்காரர் ஒருவர் கேட்டால் அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

ஏனென்றால் ஒப்புமை வலுவானது. சென்னைக்கு வடக்கே 1806-இல் தொடங்கிய கால்வாய், படிப்படியாகக் காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 800 கி.மீ. நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நகரப் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தில் 1877-78-இல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரே நிலைத்தது. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகளை ஆட்கள் கரையில் நடந்தே கயிறு கட்டி இழுத்தார்கள். 1934-இல் பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாய் வழியே படகில் மாமல்லபுரம் போனார். ‘மாவலிபுரச் செலவு’ அந்தப் பயணத்தில் பிறந்தது. நிதானமான வேகத்தில், புகையில்லாமல், ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டே போகும் சுகத்தைத் தமிழ் வாசகர் பிரான்சிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையில்லை.

ஆனால் பழைய பெருமை பாதை போட்டுத் தராது. பிரான்சில் இது பலித்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு. தடம் நடுவில் அறுபடுவதில்லை. ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. பழைய பயன் போன பிறகு அந்த நிலக்கீற்றை வேறு எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயும் எல்லாம் வழவழப்பு என்று நினைக்க வேண்டாம். துலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. போலத்தான் தார், அதற்கப்பால் பல இடங்களில் வேரும் கல்லும் மண்ணும்தான். ஆகவே தார் இல்லாததை மன்னிக்கலாம். தடம் அறுந்தால் மட்டும் மன்னிப்பில்லை.

பக்கிங்ஹாம் அங்கேதான் தோற்கிறது. பறக்கும் ரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது, 1997-இல் மயிலாப்பூர், 2007-இல் வேளச்சேரி. நகருக்குள் நெடுந்தூரம் அதன் தூண்களைக் கால்வாயிலேயே ஊன்றினார்கள். முன்பு 25 மீட்டர் அகலமிருந்த நீர்வழி சில இடங்களில் 10 மீட்டருக்கும் கீழே போய்விட்டது. பிரான்சில் செத்த ரயில் தடம் சைக்கிளுக்குக் கிடைத்தது. இங்கே சாகக் கிடந்த படகுத் தடம் ரயிலுக்குப் போனது. பொதுப் போக்குவரத்து என்ற அளவில் அதற்கு நியாயம் உண்டு. மழைநீர் ஓடும் வழியை நெரித்ததற்கு நியாயம் இல்லை. எப்படியானாலும் தடம் கைமாறிவிட்டது.

திருமயிலை நிலையத்திலிருந்து தெற்கே கரையை ஒட்டி நடந்து பார்த்தால் இது காலுக்கே புரியும். கொஞ்ச தூரம் சந்து, பிறகு யாருடைய வீட்டின் பின்சுவரோ, பிறகு வண்டிகள் நிறுத்துமிடம். மந்தைவெளி தாண்டி அடையாற்றை எட்டியதும் ரயில் மேலே போய்விடும். சைக்கிள்காரர் கோட்டூர்புரம் பாலத்துக்கோ திரு.வி.க. பாலத்துக்கோ சுற்ற வேண்டும். திரு.வி.க. பாலத்தை ஒட்டியே 19ஆம் நூற்றாண்டு எல்பின்ஸ்டன் பாலம், புதுப் பாலம் வந்த 1973 முதல் ஓய்ந்து கிடக்கிறது. மோட்டார் நுழையாத பாதை என்று தென்சென்னையில் உண்மையாகவே ஒன்று இருக்கிறதென்றால் அதுதான். அதில் சைக்கிளும் நுழையாது!

அடுத்தது மனிதர்கள். கரை காலியாக இல்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், கால்வாய்க் கரை வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். நீர்நிலைகளின் கரையிலிருந்து கிளப்பப்பட்ட ஏராளமான குடும்பங்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றப்பட்டிருக்கின்றன. மந்தைவெளியில் இருந்தவரை சைக்கிளிலோ நடந்தோ வேலைக்குப் போனவர், பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும். சைக்கிள் பாதை போடுவதற்காகச் சைக்கிள்காரரையே ஊரைவிட்டு அனுப்பும் திட்டத்தை எந்தத் தராசிலும் தூக்கி நிறுத்த முடியாது.

சரி, கால்வாயை விட்டு இதுவரை செய்து பார்த்தவை? 2014-இல் பெசன்ட் நகரில் ஞாயிறு காலைகளில் சாலையை மூடிப் பிள்ளைகளுக்கு விட்டார்கள். குதூகலம் உண்மை, ஆனால் திங்கட்கிழமை கறிவேப்பிலைக்காரருக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. அதே ஆண்டு மாநகராட்சி, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் என்று கொள்கை வகுத்தது. பலன் பெரும்பாலும் நடைபாதையாகத்தான் வந்தது. 2019 நவம்பரில் திறந்த தி.நகர் பாண்டி பஜார் நடைவெளி அதன் உச்சம். நடக்க அருமையான இடம். பயணம் என்று பார்த்தால் ஒன்றரைக் கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. வாடகைச் சைக்கிள்களும் அதே ஆண்டு வந்தன. ஆனால் நிறுத்தத்திலிருந்து எடுத்த வண்டியைப் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

‘முதலில் பாதை போடுங்கள், ஆட்கள் தானே வருவார்கள்’ என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். தமிழ்நாட்டின் சொந்த அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களுக்குத் தனிப் பாதை எதையும் யாரும் போடவில்லை. இருந்த சாலையில் வண்டி குறைவு, வேகமும் குறைவு. மோட்டாரை விரட்டுவதைவிட அதன் வேகத்தை அடக்குவது அதிகம் பேருக்கு உதவும் என்பதற்கு இது சாட்சி. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை, குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டிக்கும் மணிக்கு 30 கி.மீ. என்று வரம்பு வைத்தது. எண் சரியானது. ஆனால் அகலமான நேர்த்தெருவில் பலகை மட்டும் வேகத்தைக் குறைக்காது. முனைகளைக் குறுக்கி, குறுக்குத் தெரு தொடங்குமிடத்தில் தரையை மேடாக்கினால் குறையும்.

ஆக, என் தீர்ப்பு இரண்டு பகுதி. மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் நடுவே கால்வாய்க் கரைப் பாதை வேண்டாம். தடமும் இல்லை, அதை உண்டாக்கும் விலையும் தகாது. அந்தப் பணத்தை அபிராமபுரம், மந்தைவெளி, காந்தி நகர், கஸ்தூர்பா நகர் உள்தெருக்களை நிஜமாகவே 30-க்குள் கொண்டுவரச் செலவிட வேண்டும். கூடவே பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கும் பறக்கும் ரயில் நிலையக் கூடங்களில், பூட்டி வைக்கும்படியான சைக்கிள் நிறுத்தம் வேண்டும். எல்பின்ஸ்டன் பாலம் நடையையும் சைக்கிளையும் தாங்குமா என்று பொறியாளரைக் கொண்டு ஒருமுறை சோதித்துவிடலாம். அதற்கு யாரையும் காலி செய்ய வேண்டியதில்லை.

நெடும்பாதைக் கனவுக்குரிய இடம் முட்டுக்காட்டுக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கால்வாய்க்குள் தூண் இல்லை. காயலும் உப்பளமும் பனையுமாக அது மரக்காணம் வரை போகிறது. முடிவில் கழுவெளிச் சதுப்புநிலம், 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கேயும் மூன்று நிபந்தனை: பறவைகளுக்காகக் காங்கிரீட் கூடாது, இறுக்கிய மண்ணே போதும். நிழல் குறைவு, ஆகவே மரம் முதலில், பாதை பிறகு. மீனவரும் உப்பளத் தொழிலாளியும் எந்த நேரமும் போகலாம். டிக்கெட் கவுன்டர் கூடாது. இந்த மூன்றையும் ஏற்றால் போடலாம். மாட வீதியைத் தாண்டிப் போன அந்த நால்வரும் அங்கே போகட்டும். கறிவேப்பிலைக்காரர் திரும்பும்போது, லஸ் முனையில் பஸ் அவர் முழங்கையை உரசாமல் போனால், நகரத்துக்குள் செலவழித்த பணம் வீணாகவில்லை என்று கணக்கை முடிக்கலாம்.